தபசு காலம், 2025

மார்ச் 5, விபூதிப் புதன்

காலைப் பூசை. நெற்றியில் சாம்பலோடு வந்தேன். அம்மா கையை நீட்டி என் நெற்றியிலிருந்தே தொட்டெடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

ஒருசந்தி. பதினொரு மணிக்கே தலைவலி. காபி இல்லாததால்தான்.

நற்செய்தி மத்தேயு 6. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மறைவில் இருக்கிற தகப்பனிடம் வேண்டு என்கிறார் இயேசு. இந்த வீட்டுக் கதவு சாத்தித்தான் கிடக்கிறது. உள்ளே ஜெபம் இல்லை.

சாயங்காலம் அம்மா கேட்டாள்: "தம்பி எங்கட்டி?"

"தொழிலுக்குப் போயிருக்கான்."

மார்ச் 7, முதல் வெள்ளி

சாமி அம்மாவுக்கு நன்மை கொண்டுவந்தார். அதற்கு முன் பாவசங்கீர்த்தனம். நான் வெளியே வந்து கதவை இழுத்துவிட்டேன். முணுமுணுப்பு கேட்டது. காது அங்கேயே போகிறது என்று தெரிந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடக்கிறவளுக்கு என்ன பாவம்? திரும்பிப் படுக்கவே நான் வேண்டும். ஆனால் உள்ளே போனபோது அழுது முடித்த முகம். தெளிவாக இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்றவள்மேல் பொறாமை.

ஆஸ்பத்திரியில் கிடக்கிற போப்பாண்டவருக்காக ஐம்பத்துமூன்று மணி ஜெபம் சொன்னோம். நேற்று ராத்திரி அவர் குரலைப் பதிவுசெய்து பேதுரு சதுக்கத்தில் ஒலிபரப்பினார்களாம். ஃபோனில் கேட்டேன். ஸ்பானிஷ். தனக்காக வேண்டிக்கொண்டவர்களுக்கு நன்றி சொல்கிறார். மூச்சு முட்டுகிறது. அந்த நிலையிலும் ஜெபத்தைத்தான் கேட்கிறார், நன்றி சொல்கிறார். வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 11

பரலோக மந்திரம் பாதியில் நிற்கிறது. ராத்திரி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும்போது, அன்றாட அப்பம்வரை சத்தமாக வருகிறது. அடுத்த வரியில் குரல் இறங்கிவிடுகிறது. அம்மா மட்டும் சொல்லி முடிக்கிறாள்.

இன்று பூசையில் அதே பகுதி வாசித்தார்கள். ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்த கையோடு அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து இயேசு மறுபடி பேசுகிறார். அப்பத்தைப் பற்றி இல்லை. சோதனையைப் பற்றி இல்லை. மன்னிப்பதைப் பற்றி. நீ மன்னிக்காவிட்டால் உனக்கும் இல்லை என்று பட்டென்று சொல்லிவிடுகிறார்.

வெயில் இப்பவே தாங்கவில்லை. உதடு வெடித்துக் கிடக்கிறது.

"தம்பி எங்க?"

"தொழிலுக்கு."

மார்ச் 14, வெள்ளி

மத்தேயு 5. காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு.

சின்ன வயசிலிருந்து கேட்கிற பகுதிதான். என் மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். இன்று கவனித்துக் கேட்டேன். அவனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்கிறார்.

தம்பிக்கு என்மேல் என்ன இருக்க முடியும்? வீட்டை எழுதி வாங்கிக்கொண்டவன் அவன். அப்போது அப்பா குழிக்கு நாற்பதாம் நாள் பூசைகூட முடிந்திருக்கவில்லை.

சாயங்காலம் சிலுவைப்பாதை. அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். தலை நரைத்துவிட்டது. ஒவ்வொரு நிலைக்கும் முழங்கால் போட்டு எழுந்திருக்கும்போது இடது காலைப் பிடித்துக்கொள்கிறான். என்ன ஆச்சு காலுக்கு? ஐந்தாம் நிலைக்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவனுக்கு என்மேல் இருக்கிறது. என்னவென்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

மார்ச் 17

முதுகு. இன்று அம்மாவைத் தூக்கி உட்காரவைக்கும்போது எங்கேயோ பிடித்துக்கொண்டது. கஞ்சி கொட்டி, விரிப்பு நனைந்து, மறுபடி எல்லாம் மாற்றி. கத்திவிட்டேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

ஜெபம் இல்லை. ஆண்டவரே என்று ஒரு தடவை சொன்னேன். அதுவும் முதுகுவலியில் வந்தது.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

நான்கு நற்செய்தியிலும் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. கனவில் சொல்லப்படுகிறது, எழுந்து செய்கிறார். அவ்வளவுதான். எழுந்தார், கூட்டிக்கொண்டு போனார். பயம் இருந்ததா, மனசு தயாராக இருந்ததா, ஒன்றும் எழுதியில்லை.

நான் மனசு தயாராகட்டும் என்று காத்திருக்கிறேன். எத்தனை தபசு காலம்.

மார்ச் 23, ஞாயிறு

அத்திமரம். மூன்று வருஷமாகக் காய்க்கவில்லை, வெட்டிப்போடு என்கிறான் தோட்டத்து முதலாளி. வேலையாள் கெஞ்சுகிறான்: இன்னும் ஒரு வருஷம் விடுங்க, சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன். லூக்கா 13. அடுத்த வருஷம் காய்த்ததா என்று எழுதவில்லை.

எனக்காக யாரோ இப்படிக் கெஞ்சியிருக்கிறார்கள். யாரென்று தெரியும். பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடுகிறாள்.

போப்பாண்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார். மேல்மாடத்தில் சக்கர நாற்காலியில் வந்து கையசைத்தார். போகிற வழியில் மரியா மேஜர் பேராலயத்தில் காரை நிறுத்தி மாதாவுக்குப் பூ கொடுத்தனுப்பினாராம். அம்மாவிடம் சொன்னேன். "நம்ம பனிமய மாதா கோயில்லா அது" என்றாள். ஆமாம். அந்தக் கோயிலின் திருநாள்தான் நமக்கும் ஆகஸ்ட் 5.

பிறகு கேட்டாள். வாய்ப்பழக்கத்தில் தொழிலுக்குப் போயிருக்கான் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை. ஒரு படகும் போகாத நாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 29, சனி

ஆண்டவருக்காக 24 மணி நேரம். நேற்றிலிருந்து கோயில் திறந்தே இருக்கிறது. 2014இல் இதைத் தொடங்கிவைத்தவர் போப்பாண்டவர். அந்த வருஷம் பேதுரு பேராலயத்தில் மற்றவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போனவர், முதலில் தானே ஒரு குருவின் முன்னால் முழங்கால் போட்டார். சாமி பிரசங்கத்தில் சொன்னார். போட்டோ பார்த்திருக்கிறேன். வெள்ளை அங்கியோடு, முதுகு காட்டி, எல்லார் முன்னாலும்.

போனேன். வரிசையில் நின்றேன். ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த ஐந்தையும் மனசுக்குள் சொன்னேன். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, ஒரு காலேஜ் பையன். பையன் உள்ளே போனான். கை வேர்த்தது. அம்மா தனியாக இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவோடு உட்கார்ந்துதான் இருந்தாள்.

இன்றைய வாசகம் வரிதண்டுபவன். கண்ணைக்கூட மேலே தூக்காமல் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டவன். நானும் தூரத்தில்தான் நின்றேன். அவன் வேண்டினான். நான் வேண்டவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஊதாரி மகன். லூக்கா 15. சாமி நீளமாகப் பேசினார். மனசு ஓடிவிட்டது. ஒன்று மட்டும் நின்றது. தகப்பன் இரண்டு தடவை வீட்டைவிட்டு வெளியே வருகிறார். இளையவனைப் பார்த்து ஓடி வருகிறார். பெரியவன் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கும்போதும், விருந்தை விட்டுவிட்டு வெளியே வந்து கெஞ்சுகிறார்.

வீட்டைவிட்டுப் போகாதவள் நான். அம்மாவுக்கு எல்லாம் செய்கிறவள் நான். ஒரு நாள்கூட விட்டதில்லை. அந்தக் கணக்கையே கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

அவர் என்னிடமும் வெளியே வந்திருக்கிறார். பெரியவன் உள்ளே போனானா? அதையும் எழுதவில்லை. லூக்கா ஏன் இப்படி விட்டுவிடுகிறார்.

"தம்பி எங்க?"

"தூங்குறான்மா."

ஏப்ரல் 4, முதல் வெள்ளி

சாமி வந்தார். அம்மா, நன்மை, மருந்துச் சீட்டு, வெயில் என்று பேசிவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்: "நீங்க எப்ப வாறீங்க?"

"குருத்து ஞாயித்துக்கு முன்னாடி வாறேன் சாமி."

"உங்க பாவத்தைவிட அவர் இரக்கம் பெருசு. அதை நம்புங்க போதும். தைரியம் வந்தப்புறம் வரணும்னு இல்ல. வந்தப்புறம் தைரியம் வரும்."

கோபம் வந்தது. அவருக்கென்ன, சொல்லிவிடுவார். ராத்திரி பாத்திரம் கழுவும்போது அதே வார்த்தை மறுபடி மறுபடி.

ஏப்ரல் 6, ஞாயிறு

கல்லெறிய இழுத்துவந்த பெண். யோவான் 8. அவளை விட்டுவிட்டுப் போனவர்களில் பெரியவர்கள்தான் முதலில் போனார்களாம். வயசானவர்களுக்குத் தங்கள் பாவம் சீக்கிரம் ஞாபகம் வந்திருக்கும்.

அவன் வந்திருந்தான். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்துவிட்டன. சின்னவளுக்கு அம்மாவின் நெற்றி.

ஏப்ரல் 9, புதன்

பங்கில் பொதுப் பாவசங்கீர்த்தனம். வெளியிலிருந்து சாமிமார் வந்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு கிழட்டுச் சாமியின் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனேன். முழங்கால் போட்டதும் வாய் வறண்டுவிட்டது. கடைசியாய் எப்போது என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. சரிம்மா, சொல்லுங்க என்றார்.

சொன்னேன். போன கிறிஸ்துமஸ் ராத்திரி பூசை முடிந்து அவன் பிள்ளைகளோடு வந்து கதவைத் தட்டியது. நான் விளக்கை அணைத்தது. தட்டி முடியும்வரை அம்மாவின் காதருகே ரேடியோவைச் சத்தமாக வைத்தது. அன்றிலிருந்து தினமும் அவள் கேட்க, நான் தொழிலுக்கு என்று சொல்வது. வீட்டுப் பத்திரத்தைப் பற்றியும் தொடங்கினேன். "அது அவர் பாவம். உங்களோடதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

பாவப் பொறுத்தல் கொடுத்தார். அபராதம்: ஒரு பரலோக மந்திரம், மெதுவாக, விடாமல். பிறகு முடிந்த அளவு சீக்கிரம் அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள் என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து மந்திரம் சொன்னேன். நடுவில் நின்று, மறுபடி சொன்னேன். முடிந்தது.

ஏப்ரல் 10

ஒன்றும் மாறவில்லை. லேசாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். முதுகு அதே. அம்மாவின் படுக்கைப் புண் அதே. காலையில் ஐந்து மணிக்குப் படகு இஞ்சின்கள் அதே.

மன்னிப்புக் கிடைத்ததா என்று சந்தேகம்கூட வந்தது. பிறகு யோசித்தேன். சாமி கையை உயர்த்தியபோது நான் ஒன்றும் உணரவில்லை. ஆனால் அவர் சொன்னார். ஆண்டவர் கொடுத்த வார்த்தையைச் சொன்னார். அது என் உணர்ச்சிக்காகக் காத்திருக்கிற வார்த்தை இல்லை. நம்புகிறது என்றால் இதுதானோ.

அம்மா கேட்டாள். பதில் சொல்லாமல் போர்வையைச் சரிசெய்தேன். பொய்யும் இல்லை. உண்மையும் இல்லை. தம்பியைக் கூப்பிட ஃபோன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

லூக்காவின் பாடுகள். சேவல் கூவினவுடன் ஆண்டவர் திரும்பிப் பேதுருவைப் பார்த்தார் என்று லூக்கா மட்டும்தான் எழுதுகிறார். திட்டவில்லை. பார்த்தார். பேதுரு வெளியே போய் அழுதான்.

யூதாசும் தப்பு செய்தான் என்று சொன்னானே, காசைக்கூடத் திருப்பி எறிந்தானே. ஆனால் அதை ஆண்டவரிடம் வந்து சொல்லவில்லை. பேதுரு அழுதுகொண்டாவது மற்றச் சீடர்களோடேயே கிடந்தான்.

குருத்தோலையில் சிலுவை பின்னி அம்மா கட்டில் தலைமாட்டில் செருகினேன். இன்றும் ஃபோன் எடுக்கவில்லை. எண் மனப்பாடம்.

ஏப்ரல் 15, பெரிய செவ்வாய்

விடிகாலை. நான் தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். இருட்டில் அம்மா குரல்.

"இஞ்சின் சத்தம் கேக்கலையேட்டி."

தடைக்காலம். இன்றிலிருந்து 61 நாள். ஜூன் 14வரை விசைப்படகு ஒன்றும் போகாது.

"அப்போ அவன் தொழிலுக்குப் போயிருக்க மாட்டான்."

என்னால் பேச முடியவில்லை. அவளே பேசினாள். கிறிஸ்துமஸ் ராத்திரி ரேடியோ சத்தத்துக்கு நடுவிலேயே கேட்டதாம், சின்னவள் ஆச்சி என்று கூப்பிட்டது. அன்றிலிருந்து தெரியுமாம். "நீ பொய் சொல்லுதேன்னு தெரிஞ்சுதான் தெனமும் கேட்டேன். ஒரு நாளாவது உண்மைய சொல்லிடமாட்டியான்னு."

பிறகு சொன்னாள். "பத்திரத்துல கைநாட்டு வச்சது நாந்தாம்ட்டி. அவன் கேட்டான், வச்சேன். உன்கிட்ட கேக்கல. ஆம்பளப் புள்ளைக்குன்னு வச்சேன். ஒவ்வொரு முதல் வெள்ளியும் அதைத்தான் சாமிகிட்ட சொல்லுதேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல."

இரண்டு பேரும் அழுதோம். எவ்வளவு நேரமோ. பால்காரன் மணி அடித்துவிட்டுப் போய்விட்டான்.

யாக்கோபு நிருபத்தில் இருக்கிறது, ஐந்தாம் அதிகாரம்: ஒருவருக்கொருவர் பாவங்களை அறிக்கையிடுங்கள், ஒருவருக்காக ஒருவர் ஜெபியுங்கள், குணமாவீர்கள் என்று. அது ஏதோ கோயில் காரியம் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 16, பெரிய புதன்

ஃபோன் எடுத்தது அவன் பெஞ்சாதி. நான் யாரென்று சொன்னதும் மூச்சு நின்றது கேட்டது. "அம்மா கேக்காங்க. கதவு திறந்திருக்கு. அன்னைக்கு நான் வேணும்னேதான் திறக்கல. அதையும் சொல்லிரு" என்றேன். சரி மதினி என்றாள். வைத்துவிட்டேன்.

நடுக்கம். வயிறு கலக்கல். ராத்திரி சாப்பிடவில்லை.

வரவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

வரவில்லை. பாதம் கழுவும் பூசைக்கு நானும் போகவில்லை. வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஆண்டவரே, நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் அல்லவா? இல்லை, இப்படிக் கேட்பதும் கணக்குத்தான். மன்னியும்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

சிலுவை முத்தி செய்துவிட்டு நாலரைக்கு வந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போகாமல் உட்கார்ந்திருந்தான்.

"உள்ள வா" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அம்மா அவன் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். புனித வெள்ளியில் என்ன சாப்பாடு. கஞ்சி இருந்தது. மூன்று பேரும் குடித்தோம். உப்பு அதிகமாகிவிட்டது.

கால் பற்றிக் கேட்டேன். படகில் வழுக்கி விழுந்தானாம். முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். எனக்குத் தெரியவே தெரியாது.

வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 20, பாஸ்கா

ராத்திரி திருவிழிப்பு. இருட்டில் பாஸ்கா திரி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அல்லேலூயா வந்தபோது தொண்டை அடைத்தது. நாற்பது நாளாக வராதது.

காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். கறிக்குழம்பு. சின்னவள் கட்டிலிலேயே ஏறிப் படுத்துக்கொண்டாள். ஆச்சி, ஆச்சி.

சாயங்காலம் டிவியில் போப்பாண்டவர். ஆசீர் கொடுத்தார். பிறகு சதுக்கத்துக்குள் ஜனங்களுக்கு நடுவே வண்டியில் சுற்றி வந்தார். முகம் வீங்கியிருந்தது. அம்மா படுத்தபடியே சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

மத்தியானம் துக்க மணி. போப்பாண்டவர் போய்விட்டார். நேற்று கையசைத்தவர்.

அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னேன். "பாஸ்கா பார்த்துட்டுப் போயிருக்காரு" என்றாள். ஜெபமாலையைத் தேடிக் கையில் கொடுத்தேன். பரலோக மந்திரம் முழுதும் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.

ஏப்ரல் 24

கோபம் மறுபடி வந்துவிட்டது. வீட்டு வரி ரசீது வந்திருக்கிறது. அவன் பெயரில். கையில் பிடித்ததும் பழைய எரிச்சல் அப்படியே, நெஞ்சுக்குக் கீழே, சூடாக. இவ்வளவும் நடந்து இன்னும் இதுவா?

முதலில் எல்லாம் பொய்யோ என்று தோன்றியது. பாவசங்கீர்த்தனம், அழுகை, கஞ்சி, எல்லாம். பேதுரு எத்தனை தடவை மன்னிக்க என்று கேட்டபோது இயேசு எண்ண முடியாத ஒரு எண்ணைச் சொன்னார். எழுபது தடவை ஏழு. ஒரே பாவத்தைத்தான் அத்தனை தடவை மன்னிக்க வேண்டியிருக்கும் என்று எனக்கு இன்றுதான் படுகிறது. இன்றைக்கு இன்றைக்குள்ள மன்னிப்பு. அன்றாட அப்பம் மாதிரி.

ரசீதை அவனுக்காக எடுத்துவைத்தேன். கிழிக்கவில்லை.

ஏப்ரல் 27, இறை இரக்க ஞாயிறு

நேற்று போப்பாண்டவரை மரியா மேஜர் கோயிலில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் பெயர் மட்டும். அம்மாவுக்கு அதில் ஒரு நிம்மதி. மாதா மடியில போய்ப் படுத்துட்டாரு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

நற்செய்தி யோவான் 20. சீடர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விட்டுவிட்டு ஓடியவர்கள், மறுதலித்தவர்கள். அவர்கள் திறக்கும்வரை ஆண்டவர் காத்திருக்கவில்லை. பூட்டின கதவுக்குள்ளேயே வந்து சமாதானம் சொன்னார். அவர்களிடமே பாவங்களை மன்னிக்கிற அதிகாரத்தையும் கொடுத்தார். அந்தக் கிழட்டுச் சாமி என்மேல் கையை உயர்த்தியது அந்த ராத்திரியிலிருந்து வருகிறது.

இத்தனை வருஷம் எதற்காகப் பயந்தேன் என்று இப்போது யோசித்தால் புரியவில்லை. மனசு சுத்தமான பிறகு அவரிடம் போகலாம் என்று இருந்தேன். அப்படி ஒரு நாள் வராது. அழுக்கோடுதான் போக வேண்டும்.

தம்பி வந்தான். ரசீதைக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் தலை குனிந்தான். "பேசணும்க்கா" என்றான். "பேசுவோம்" என்றேன். என்ன பேசப்போகிறோம், தெரியாது. கோபம் வரும். வரட்டும்.

மே 2 முதல் வெள்ளி. சாயங்காலம் ஐந்தரைக்குச் சாமி தொட்டியில் இருப்பார். அந்த வரி ரசீதுக் கோபத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போகிறேன்.